ஏரியின்மேல் எழுந்த நகர்

பழவந்தாங்கல், ஈக்காட்டுத்தாங்கல், மடுவின்கரை, குளத்தூர், ஒக்கியம் மடுவு. சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நாள்தோறும் வழங்கிவரும் இடப்பெயர்கள் இவை. தாங்கல் என்பது மழைநீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரி. மடு என்பது நீர் ஆழ்ந்து நிற்கும் பள்ளம். இப்பெயர்களை இட்டவர்கள் ஓசையின்பம் கருதி இட்டவர் அல்லர். இவ்விடத்து நீர் நிற்கும், இவ்வழியே நீர் செல்லும், இதனை அறிந்து மனை கோலுக என்று வழிவழி வருவார்க்கு எழுதி வைத்த அறிவிப்பே அப்பெயர்கள். அவ்வறிவிப்பைப் படிக்கத் தெரியாதவரும், படித்தும் பொருட்படுத்தாதவரும் நகரமைப்பாளராகவும் பொறிஞராகவும் ஆட்சியாளராகவும் அமர்ந்ததன் விளைவைச் சென்னை மக்கள் 2015 திசம்பரில் வெள்ளமாகவும், 2019 கோடையில் வறட்சியாகவும், 2023 திசம்பரில் மீண்டும் வெள்ளமாகவும் துய்த்தனர்.

இக்கால் உலகெங்கணும் 'நிலைபேறுடைய கட்டடக்கலை' என்றும் 'பசுமைக் கட்டடம்' என்றும் பேச்சு மிகுந்துள்ளது. பேசப்பட வேண்டிய பேச்சே. ஆயின் அது தமிழ்நாட்டில் நடைபெறும் முறைதான் நகைப்புக்கும் வருத்தத்திற்கும் இடனாகின்றது. கூரையில் கதிரொளித் தகடு பதித்து, நீரைச் சிக்கனமாகச் சொரியும் குழாய்களைப் பொருத்தி, வாயிலில் நான்கு தொட்டிச் செடிகளை வைத்துவிட்டால், அக்கட்டடத்திற்கு வெள்ளி என்றும் பொன் என்றும் அதனினும் உயர்ந்த மாழையின் பெயரிட்டும் தரச்சான்று கிடைத்து விடுகின்றது. அக்கட்டடம் எந்நிலத்தின் மேல் நிற்கின்றது, அந்நிலம் முன்பு என்னவாக இருந்தது, அங்கு நின்ற நீர் இப்பொழுது யார் வீட்டிற்குள் புகுகின்றது என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. கட்டடக்கலையின் முதல் வினா 'எதனால் கட்டுவது' என்பதன்று; 'எங்கே கட்டுவது' என்பதே. முதல் வினாவில் தோற்றவனுக்கு இரண்டாம் வினாவில் பொற்சான்று அளிப்பது, களவு செய்த பொருளைக் கழுவித் துடைத்து வைத்திருக்கின்றான் என்று கள்வனைப் பாராட்டுவதை ஒக்கும்.

சென்னையின் நிலம் தட்டையானது. மேற்கிலிருந்து கிழக்கே கடல் நோக்கி மிக மெல்லச் சரிவது. ஆண்டுக்குச் சற்றொப்ப 140 செ.மீ. மழை பெறும் இந்நிலத்தில், அம்மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில கிழமைகளிலேயே கொட்டி முடிந்துவிடுகின்றது. இத்தகைய நிலத்தில் வாழ்வதற்குத் தமிழ் முன்னோர் கண்ட வழி, சரிவின் போக்கறிந்து ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை அமைப்பது. மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியே மிகைநீர் கீழேரிக்கு இறங்கும். அதுவும் நிரம்பினால் அடுத்ததற்கு. செங்கற்பட்டுப் பகுதி முழுமையும் இவ்வாறு தொடரேரிகளால் பின்னப்பட்ட நிலம். புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்தியதும் நீர்நிலை அமைக்க வேண்டும் என்பதைத்தான். வேந்தன் ஒருவனுக்குப் புகழ் நிலைக்க வேண்டுமாயின் அதற்கு நிலம் பள்ளமான இடமெல்லாம் நீரைத் தடுத்து நிறுத்துவதே வழி என்று ஒரு புலவர் துணிந்து சொன்னதும், அதனை ஒரு வேந்தன் கேட்டதும் இம்மண்ணில் நிகழ்ந்தவையே.

அந்நிலத்திற்கு நேர்ந்தது என்ன? நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டை நோக்கி நீண்டு கிடந்த மாம்பலம் நெடுவேரி, படகோட்டப் போட்டி நடத்தும் அளவிற்கு நீர் நிறைந்திருந்தது. 1923-ஆம் ஆண்டு தொடங்கி அது வடிக்கப்பட்டுத் தியாகராயர் பெயரால் குடியிருப்பு நகராயிற்று. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு உண்டு. ஏரியைப் பார்த்திருக்கும் சாலை என்பது அவ்வாங்கிலப் பெயரின் பொருள். சாலை இருக்கின்றது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. இது வெள்ளையர் ஆட்சியில் நடந்தது என்று கூறித் தப்பிக்க முடியாது. அன்று மாநிலத்தில் அமைச்சரவை நடத்தியவர்கள் நயன்மைக் கட்சியினர். உரிமை பெற்ற பின்னரோ இவ்வினை இன்னும் விரைந்தது. நுங்கம்பாக்கம் ஏரி கிடந்த நிலத்தில் 1976-ஆம் ஆண்டு வள்ளுவர் கோட்டம் எழுந்தது. கடவுள் வாழ்த்திற்கு அடுத்த இடத்தில் வான்சிறப்பை வைத்த பெருமகனுக்கு நினைவுக்கோட்டம் எழுப்ப, வானம் தந்த நீர் தங்கிய இடமே கிடைத்தது! தமிழ்ப்பற்றின் பெயரால் நடந்தது என்பதனால் இதனைச் சொல்லாமல் விடுவது தமிழ்ப்பற்று ஆகாது. பின்னர்த் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் ஏரி நிலங்களிலேயே மனை பிரித்துக் கொடுத்தபொழுது, அத்திட்டங்களுக்கு 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்பது போன்ற பெயர்களையே சூட்டியது. ஏரியைக் காக்கும் திட்டம் போலும் என்று அயலூரான் மயங்குவான்.

இவை யாவற்றினும் பெரிய இழப்பு தென்சென்னையின் பள்ளிக்கரணைக் கழுவெளி. 30க்கு மேற்பட்ட ஏரிகளின் மிகைநீர் வந்து சேரும் இடம் அது. வந்த நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவின் வழியே பக்கிங்காம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் கழிமுகத்திற்கும் மெல்ல மெல்ல விடுவது அதன் இயல்பு. நிலத்தடியில் நன்னீரை ஊறச் செய்து, கடலின் உவர்நீர் உள்ளேறாமல் தடுப்பதும் அதுவே. அரை நூற்றாண்டிற்கு முன் சற்றொப்ப 5,000 எக்டேர் பரந்திருந்த அக்கழுவெளியில் எஞ்சி நிற்பது சிறு பகுதியே.

இவ்வழிவிற்கு வித்து ஒரு சொல்லில் இருந்தது. ஊர்மக்கள் அதனைக் 'கழுவெளி' என்றனர். வருவாய்க் கணக்கெழுதியோர் அதனைப் 'பாழ்நிலம்' என்றனர். மீனும் பறவையும் கோரையும் நீரும் தரும் நிலம், வரி தரவில்லை என்னும் ஒரே கரணியத்தால் பாழாயிற்று! ஊர்ப்பொதுவில் வைத்து, வரிக்கணக்கிற்குப் புறத்தே நிறுத்தப்பட்ட நிலமாகிய 'புறம்போக்கு' என்பதும் இவ்வாறே இழிந்து, இன்று வசைச்சொல்லாகத் தெருவில் வழங்குகின்றது. பொருள் கெட்ட சொல்லின்பின் நிலமும் கெட்டது. பாழ்நிலந்தானே என்று பெருங்குடியில் மாநகரின் குப்பை மலை குவிந்தது. பாழ்நிலந்தானே என்று அரசின் ஆய்வு நிறுவனங்கள் எழுந்தன. பாழ்நிலந்தானே என்று 2007-ஆம் ஆண்டு வேளச்சேரி வரை நீண்ட பறக்கும் தொடர்வண்டித் தடத்தின் நிலையமும் அங்கு வந்தது. அரசே முதல் வன்கவர்வாளனாக நின்ற இடத்தில் வணிகனைத் தடுப்பார் யார்? 2022-ஆம் ஆண்டு அக்கழுவெளியின் 1,247 எக்டேர் பரப்பு, இராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய நீர்நிலமாக ஏற்கப்பெற்றது. மகிழத்தக்கதே. ஆயின் வேலியிட்ட பரப்பிற்கு மட்டும் சிறப்பளித்துவிட்டு, அதற்கு நீர் கொணரும் வாய்க்கால்களையும் அதினின்று நீர் வடியும் மடுவையும் நெரித்துக் கொண்டிருப்பது, நெஞ்சாங்குலைக்குக் காப்புச்சான்று எழுதிக் கொடுத்துவிட்டு அரத்தக் குழாய்களை அறுப்பதாகும்.

2015 திசம்பர் முதல் நாள் பெய்த மழை தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. என அளவிடப்பட்டது. செம்பரம்பாக்கம் ஏரியினின்று ஒரு நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்து விடப்பட்டது. வானூர்தி நிலையத்தின் ஓடுதளம் ஒன்று அவ்வாற்றின் மேலேயே பாலமிட்டு நீட்டப்பட்டிருந்தது. நிலையம் வெள்ளத்தில் மூழ்கிச் சில நாள்கள் மூடிக் கிடந்தது. அப்பருவத்தில் தமிழ்நாட்டில் 400க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மழை மிகுதி என்பது உண்மை. புவி வெப்பமுறுவதால் இத்தகைய பெருமழைகள் இனி அடிக்கடி வரும் என்று அறிவியலார் கூறுவதும் உண்மை. ஆயின் மழை எத்தெருவில் எத்தனை அடி நின்றது என்பதை முடிவு செய்தது வானமன்று. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் அளித்த கையெழுத்துகள்.

அந்த வெள்ளம் வடிந்து நான்காண்டு நிறையுமுன், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. சூலைத் திங்களில், 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சோலையார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் கொண்டுவரப்பட்டது. ஒரு வண்டிக்கு 25 நூறாயிரம் இலிட்டர். வண்டிக்கு மாலையிட்டு வரவேற்றனர். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தல் வேண்டும். 1,000 சதுர அடியுள்ள ஒரு வீட்டுக் கூரையில் ஆண்டு முழுமையும் விழும் 140 செ.மீ. மழை, சற்றொப்ப 1,30,000 இலிட்டர் ஆகும். இருபது வீட்டுக் கூரைகளில் ஓராண்டில் விழும் நீரே, மாலையிட்டு வரவேற்ற அந்த ஒரு வண்டி நீர்! அதனைத் தெருவில் ஓடவிட்டுச் சாக்கடையோடு கலந்து கடலுக்கு அனுப்பிய பின்னர், அக்கடல் நீரையே மின்னாற்றல் செலவிட்டுக் குடிநீராக்க மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் ஆலைகள் அமைக்கப்பட்டன. விழும்பொழுது விலையில்லாத நீர், கடலில் விழுந்து எழுந்தபின் விலையுள்ளதாகின்றது. தமிழ்நாட்டரசு 2003-ஆம் ஆண்டிலேயே எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியாவிற்கே வழிகாட்டிய சட்டம் அது, பாராட்டுக்குரியது. முதலாண்டுகளில் கிணறுகளில் நீர் ஏறியதையும் மக்கள் கண்டனர். பின்னர்ப் பல வீடுகளில் அக்குழாய் அலுவலரிடம் காட்டுவதற்கு மட்டும் சுவரில் தொங்கும் அணிகலனாயிற்று. குழியில் மண்ணடைத்தது, தூர்வாருவாரில்லை.

இனி, எதனால் கட்டுவது என்னும் இரண்டாம் வினா. சென்னையின் பழைய மாடி வீடுகளில் ஒருவகைக் கூரை உண்டு. 'மெட்ராசு டெரசு' என்று ஆங்கிலேயரும் இந்நகரின் பெயராலேயே அதனை அழைத்தனர். மரக் குறுக்கைகளின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துக்கல்லாகச் சாய்வரிசையில் சுண்ணாம்புச் சாந்திட்டு அடுக்குவர். அதன்மேல் செங்கல் உடைசலும் சுண்ணாம்பும் கலந்த காரையைப் பரப்புவர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்ல நீரும் தெளித்து, ஆடவரும் பெண்டிரும் வரிசையாக அமர்ந்து மரக்கட்டைகளால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவர். காரை இறுகி ஒலி மாறும்வரை அடி ஓயாது. பின்னர்த் தட்டோடு பதிப்பர். அக்கூரையின்கீழ் சித்திரைத் திங்கள் நண்பகலிலும் படுத்துறங்கலாம். இன்றைய கற்காரைக் கூரையோ பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழ்கின்றது. கீழே உறங்குபவன் குளிரூட்டிப் பொறி வாங்குகின்றான். அப்பொறி அவன் அறையின் வெப்பத்தை எடுத்து அடுத்த வீட்டுச் சாளரத்தில் ஊதுகின்றது. சிமெண்டு என வழங்கும் பைஞ்சுதையைச் சுடும் தொழில் ஒன்றே, உலகம் வெளியேற்றும் கரிவளியில் 7 விழுக்காட்டிற்குக் குறையாத பங்கினை உமிழ்கின்றது. சுண்ணாம்பும் சூளையில் கரிவளியை விடுவதே. ஆயின் சுவரில் பூசியபின் காற்றிலுள்ள கரிவளியில் ஒரு பங்கினை மெல்ல மீட்டு உறிஞ்சிக் கல்லாகின்றது.

பழையன எல்லாம் பொன் என்று கூற வருவதன்று இது. அக்கூரை பர்மாக் காடுகளின் தேக்கினை விழுங்கியது. நான்கு பக்கமும் கூரை சாய்ந்து நடுவில் வானம் தெரியும் செட்டிநாட்டு முற்றம், வெப்பக் காற்றை மேலே விட்டுக் குளிர்காற்றை உள்ளிழுக்கும் நுட்பமுடையது, மழைநீரை ஏந்திக் கொள்வது. ஆயின் அது செல்வர் வீட்டு முற்றம். உழைப்பாளி ஓலைக் குடிசையில் இருந்தான். குடிசை குளிர்ச்சி தந்தது. தீப்பொறி ஒன்றில் தெரு முழுவதும் எரியவும் செய்தது. எனவே பழைய வடிவை அப்படியே படியெடுப்பது தீர்வன்று. வெயிலும் காற்றும் மழையும் எத்திசையினின்று வருகின்றன என்று பார்த்துக் கட்டிய அந்த அறிவே மீட்கப்பட வேண்டுவது.

அதனை மீட்டுக் காட்டியவர் ஒருவர் அயலவர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. 1917-இல் இங்கிலாந்தில் பிறந்து, இமயத்து மலையூர் ஒன்றில் பல்லாண்டு வாழ்ந்து, பின் திருவனந்தபுரத்தில் குடியேறி 2007-இல் அங்கேயே மறைந்த இலாரி பேக்கர், தாம் கல்லூரியில் கற்றதை ஒதுக்கி வைத்துவிட்டு மலையூர்க் கொத்தர்களிடமும் கேரளத்துக் கொத்தர்களிடமும் கற்றார். செங்கற்களை நெட்டுக்குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டு எழுப்பும் 'எலிப்பொறிக் கட்டு' என்னும் முறையை அவர் பரப்பினார். நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம்; நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும்; பூச்சு வேண்டுவதில்லை. ஏழைக்கு வீடு கட்டியவர் அவர். இங்கே பட்டம் பெற்ற பொறிஞர் பலர் செய்வது என்ன? பழைய மாமல்லபுரச் சாலைக்கு மேற்கே கழுவெளி, கிழக்கே கால்வாய். இரண்டிற்கும் இடையே தலைமுதல் அடிவரை கண்ணாடி போர்த்த மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடிச் சுவர் குளிர்நாட்டாரின் தேவையிற் பிறந்தது. அவர்க்கு வெயில் அரிய விருந்து. உள்ளே வந்தால் போகவிடாமல் கதவடைப்பர். ஆண்டில் பத்துத் திங்கள் வெயில் காயும் நாட்டில், மேற்கு நோக்கிய கண்ணாடிச் சுவரெழுப்பி, உள்ளே புகுந்த வெயிலை விரட்ட நிலக்கரி எரித்து மின்னாற்றல் ஆக்குவதற்குப் பெயர் முன்னேற்றமாம்! மாற்றான் சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்டுவது உடையில் மட்டும் நிகழ்வதன்று.

ஆற்று மணலின் கதையும் இதனோடு சேர்ந்ததே. கற்காரை உண்ணும் மணல் பாலாற்றிலும் காவிரியிலும் கொள்ளிடத்திலும் அள்ளப்பட்டது. 2018 ஆகத்தில் திருச்சிராப்பள்ளிக் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் வெள்ளத்தில் சரிந்து விழுந்தபொழுது, படுகையைத் தோண்டித் தாழ்த்தியதன் பயன் இது என்று உழவர்கள் எடுத்துச் சொன்னார்கள். சென்னையின் அடுக்ககம் ஒவ்வொன்றிலும் ஓர் ஆற்றின் ஒரு துண்டு புதைந்துள்ளது.

இனி, பசுமை பேசுவோர் பலர் பேசாமல் விடும் செய்தி ஒன்றுண்டு. வெள்ளத்திற்குப் பின் ஆற்றைக் காக்க வேண்டும் என்னும் குரல் எழுந்ததும், அடையாற்றுக் கரையிலும் கூவத்தின் கரையிலும் வாழ்ந்த குடிசை மக்கள் ஆயிரக்கணக்கில் அகற்றப்பட்டனர். ஓடுதளம் அகற்றப்படவில்லை. ஆற்றோரத்து மாளிகைகள் அகற்றப்படவில்லை. அகற்றப்பட்டவர்கள் கொண்டு குடியேற்றப்பட்ட இடங்களில் ஒன்று பெரும்பாக்கம். அதற்கு முன் அகற்றப்பட்டவர்க்கு அளிக்கப்பட்டவை கண்ணகி நகரும் செம்மஞ்சேரியும். இம்மூன்றும் எங்குள்ளன? பள்ளிக்கரணைக் கழுவெளியை ஒட்டிய தாழ்நிலத்தில்! ஆற்று வெள்ளத்திற்குத் தப்புவிக்கிறோம் என்று சொல்லிக் கழுவெளி வெள்ளத்தில் கொண்டு நிறுத்தினர். மழைக்காலந்தோறும் செம்மஞ்சேரித் தெருக்களில் நீர் நிற்கின்றது. பெரும்பாக்கத்து எட்டடுக்குக் கட்டடங்களில் மின்சாரம் நின்றால் தூக்கியும் நின்றுபோகும், நீர் ஏற்றும் பொறியும் நின்றுபோகும். நகரின் நடுவே வீட்டுவேலையும் கட்டட வேலையும் மீன் விற்பனையும் செய்து வாழ்ந்தவர், வேலைக்குச் செல்ல நாளும் இருபது கிலோமீட்டர் பேருந்தில் செல்கின்றனர். பலர் வேலையையே இழந்தனர். நயன்மை கேட்டு நகரெரித்தவளின் பெயரை, நயன்மை மறுக்கப்பட்டவர் குடியிருப்புக்குச் சூட்டிய கை யாருடையதோ! அதற்கு அண்மையில் உள்ள மற்றொன்றிற்கு எழில் நகர் என்று பெயர்.

உழைப்பாளி உழைக்கும் இடத்திற்கு நடந்து செல்லத்தக்க தொலைவில் குடியிருப்பதைவிடப் பசுமையான நகரமைப்பு வேறில்லை. அவனை நகருக்கு வெளியே தள்ளிவிட்டு, அவன் வந்துபோக மேம்பாலமும் அகல்சாலையும் அமைத்து, அச்சாலையோரம் மரம் நட்டுப் பசுமை என்பது ஏமாற்று. நகரின் நடுவே அரசு நிலம் இல்லாமல் இல்லை. பெரு நிறுவனங்களுக்கும் மனமகிழ் மன்றங்களுக்கும் சிறு குத்தகைக்கு விடப்பட்ட நிலங்களின் கணக்கை வெளியிட்டால் இடம் தானே தெரியவரும்.

சென்னைப் பெருநகருக்கென 2008-இல் நடைமுறைக்கு வந்த இரண்டாம் முழுமைத் திட்டம் 2026 வரைக்குமெனத் தீட்டப்பட்டது. அடுத்த திட்டத்தில் சாலையும் தொழிற்பகுதியும் குறிக்கப்படுமுன், நீரின் வரைபடம் முதலில் குறிக்கப்படல் வேண்டும். ஊர்க்கணக்குகளிலும் பழைய புலப்படங்களிலும் ஏரி, தாங்கல், ஓடை, வாய்க்கால், மடு, கலங்கல் என்று எழுதப்பட்டுள்ள ஒவ்வொன்றும் அப்படத்தில் ஏற வேண்டும். இன்று அங்கே கட்டடம் நின்றாலும் அதன் பழம்பெயர் ஏற வேண்டும். மனை வாங்குவோன் தான் ஏரியை வாங்குகின்றான் என்பதையேனும் அறிதல் அவன் உரிமை. 2007-ஆம் ஆண்டில் ஏரிகளைக் காக்கவும் வன்கவர்வை அகற்றவும் இயற்றப்பட்ட சட்டம், குடிசையில் தொடங்கிக் குடிசையிலேயே முடியாமல், அரசு நிறுவனங்களில் தொடங்கப்படல் வேண்டும். பசுமைச் சான்று அளிப்போர், கட்டடம் நிற்கும் நிலத்தின் பழங்கணக்கைக் காணாமல் சான்றளித்தல் கூடாது. கட்டடக்கலைக் கல்லூரிகளில் சுண்ணாம்புக் காரையும் முற்றமும் தொடரேரியும் வரலாற்றுப் பாடமாக ஒரு கிழமை கற்பிக்கப்படாமல், கையால் செய்யும் பயிற்சியாக நடைபெறுதல் வேண்டும். கட்டையடித்துக் காரையிறுக்கத் தெரிந்த முதுகொத்தர் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்களை மாணவர்க்கு ஆசிரியராக அமர்த்தப் பட்டச்சான்று தடையாகுமாயின் அவ்விதி திருத்தப்படல் வேண்டும்.

அவ்வரைபடம் தமிழில் இருத்தல் வேண்டும். தாங்கலுக்கும் ஏரிக்கும், ஓடைக்கும் வாய்க்காலுக்கும், மடுவுக்கும் கழுவெளிக்கும் உள்ள வேறுபாட்டைத் தன்னகத்தே வைத்திருக்கும் மொழியில் அது எழுதப்படாமல், எல்லாவற்றையும் 'நீர்ப்பரப்பு' என்று ஒரே நீலத்தில் பூசும் அயன்மொழிப் படமாக வருமாயின், ஊரார் அதனைப் படிக்கவும் இயலாது, பிழை காணவும் இயலாது. வரைவு வெளியானதும் மறுப்புரை தெரிவிக்கக் கெடுநாள் குறிக்கப்படும். அந்நாளுக்குள் ஒவ்வோர் ஊரிலும் மூத்தோரை அழைத்து வைத்துப் படத்தை விரித்து, நீர் வந்த வழியையும் போன வழியையும் கேட்டுக் குறித்தனுப்பும் பணி, தமிழ்மன்றங்கள் மேற்கொள்ள வேண்டிய பணியாகும்.